மூன்றாம் ஆண்டுக் காகிதமும் இரண்டாம் ஆண்டு வாங்கும்

திருகோணமலையில் இருந்துகொண்டு சீனமொழி படிக்கிறேன் என்று சொன்னால் முன்பெல்லாம் ஒரே கேள்விதான் வரும்: ஏன் சீனம்? மாமா ஒருவர் மட்டும் கேள்வி கேட்க மாட்டார். "சீனக்குடா பக்கத்திலயே இருக்கு, நீ ஏன் பிள்ளை சீனாவுக்குப் போறாய்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் தானே சிரிப்பார். அந்தச் சீனக்குடாவுக்குப் பக்கத்தில்தான் பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளும் நிற்கின்றன. அவற்றுக்காக இந்தியாவோடு எத்தனையோ வருடமாகப் பேச்சுவார்த்தை நடந்த ஊரில் ஹிந்தி படித்தாலாவது பிரயோசனம் என்று அறிவுரை சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் சண்டை பிடிக்கவில்லை.

இப்போது அந்தக் கேள்வி ஓய்ந்து, வேறொன்று வந்திருக்கிறது. "நீ இடையில யூனிவர்சிட்டி மாறினனியாமே, ஏன்?" இதைக் கேட்கிறவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. பதில் அவர்களிடமே இருக்கும்: "ஒரு வருசம் வீணாப் போச்சு, என்ன." அனுதாபத்தோடுதான் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில், கோயில் வீதியில், மரக்கறிக் கடையில் எல்லாம் கேட்டுவிட்டேன். நானும் "ஓம், என்ன செய்றது" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த 'வீணாப் போச்சு' மனதில் அரித்துக்கொண்டே இருக்கும். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. மூன்றாம் ஆண்டுக்குப் போயிருக்க வேண்டியவள் திரும்பவும் இரண்டாம் ஆண்டு வாங்கில் போய் உட்கார்ந்தேன். என்னைக் கட்டாயப்படுத்தி யாரும் உட்கார வைக்கவில்லை, நானாகத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கடைசிப் பகுதியைக் கல்யாண வீட்டில் நின்றுகொண்டு விளக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உப்புவெளியில் ஒரு சீன வகுப்பறை

சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சீனமொழிப் பட்டத்துக்கு நான் சேர்ந்தது 2020 செப்டெம்பரில். அந்த வருடம் மார்ச் 28ஆம் திகதி சீனா வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தியிருந்தது. ஏஜென்சிக்காரர் "அடுத்த பருவத்துக்குள்ள திறந்திடுவாங்கள்" என்று சொன்னார். அதை அவர் ஒவ்வொரு பருவமும் சொன்னார். கடைசியில் இரண்டு முழு ஆண்டுகள் உப்புவெளி வீட்டின் முன்னறையில் இருந்துதான் படித்தேன். பெய்ஜிங் நேரம் காலை எட்டு மணி என்றால் எங்களுக்கு ஐந்தரை. அப்பா பால் வாங்கப் போகிற நேரம், நான் திரைக்கு முன்னால் "லாவ்ஷ் ஹாவ்" என்று ஆசிரியருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுச் சேவலும் கூடவே சொல்லும்.

சீன எழுத்தை எழுதிப் பழகுவதற்குச் சதுரம் போட்ட தனிக் கொப்பி இருக்கிறது. இங்கே கிடைக்காது. சின்னப்பிள்ளைகளுக்குக் கணக்குக்கு வாங்கிக் கொடுக்கிற சதுரக்கோட்டுக் கொப்பியில் நான்கு கட்டத்தை ஒன்றாக எடுத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். முதல் பருவம் ஆசையாக எழுதினேன். பிறகு மெல்ல மெல்ல விட்டுப்போனது. சோம்பல் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது மட்டும் காரணமில்லை. வீட்டுப்பாடம் தட்டச்சில், சோதனை தட்டச்சில், ஆசிரியருக்குச் செய்தி அனுப்புவதும் தட்டச்சில். ரோமன் எழுத்தில் ஒலியை அடித்தால் கைப்பேசி ஐந்தாறு சீன எழுத்துகளைக் காட்டும். சரியானதைத் தொட்டால் போதும். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காட்டச் சொன்னால் யாருக்கும் முடியும், அதே முகத்தை வரையச் சொன்னால்தான் சங்கடம். இரண்டு வருடமும் நான் அடையாளம் மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன்.

பேச்சும் அப்படித்தான். தமிழர்களுக்குச் சீனத்தில் சில சலுகைகள் உண்டு. ஆங்கில எழுத்து 'ஆர்' போட்டு எழுதுகிற ஒலி நம்முடைய ழகரத்துக்குக் கிட்ட வரும். மற்ற நாட்டுப் பிள்ளைகள் நாக்கை மடித்துத் திண்டாடும்போது நாங்கள் சும்மா சொல்லிவிடுவோம். ஆனால் ப, த, க மூன்றிலும் வசமாக மாட்டிக்கொள்வோம். அங்கே ஒவ்வொன்றிலும் இரண்டு உண்டு, மூச்சை வெளியே தள்ளிச் சொல்வது ஒன்று, தள்ளாமல் சொல்வது ஒன்று. நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அதற்கு மேலே நாலு ஏற்ற இறக்கம் வேறு. நேரில் ஓர் ஆசிரியர் உதட்டுக்கு முன்னால் கடதாசித் துண்டைப் பிடித்து, அது ஆடுகிறதா இல்லையா என்று காட்டிக் கொடுக்க வேண்டிய பாடம் இது. முப்பது பேர் கொண்ட இணைய வகுப்பில், மலிவு விலை ஒலிவாங்கியில், மழை நாளில் இடையிடையே அறுந்துபோகிற இணைப்பில், யாருடைய மூச்சு யாருக்குக் கேட்கும்? "ஹாவ், ஹாவ்", அதாவது நல்லது, நல்லது என்று ஆசிரியர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் போன நாட்களில் நான் வகுப்பில் இருந்தேனா இல்லையா என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

இத்தனைக்கும் என் புள்ளிப் பட்டியல் வெகு அழகாக இருந்தது. தொண்ணூறுக்குக் கீழே இறங்கிய பாடங்கள் குறைவு.

மாறியதற்குக் காரணம்

காரணம் பெரிய இரகசியமில்லை. 2022இல் ரூபா விழுந்தது. வருடத் தொடக்கத்தில் ஒரு யுவான் முப்பது ரூபா சொச்சம். மே மாதத்தில் ஐம்பதைத் தாண்டிவிட்டது. சீனாவில் கட்டணம் ஒரு யுவானும் ஏறவில்லை, எங்கள் வீட்டில் மட்டும் ஏறியது. ஓகஸ்ட் 24 முதல் மாணவர்கள் திரும்பி வரலாம் என்று சீனா அறிவித்தபோது எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் வீசாட் செயலியில் பட்டாசு கொளுத்தினார்கள். எங்கள் பல்கலைக்கழகமோ மொழித்துறை மாணவர்களுக்கு அடுத்த பருவமும் இணையவழிதான் என்று கடிதம் அனுப்பியது. அதே கட்டணம், அதே முன்னறை, அதே சேவல். அப்பா அந்தக் கடிதத்தை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுக்கு நீ இஞ்சயே ரியூசனுக்குப் போகலாம்" என்றார்.

உள்ளூருக்கு மாறலாமே என்று பலர் சொன்னார்கள். களனிப் பல்கலைக்கழகத்தில் சீனமொழிப் பட்டம் இருக்கிறது, நல்ல துறை. ஆனால் நம் அரச பல்கலைக்கழகங்களுக்குள் போகிற வாசல் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி. வெளிநாட்டில் இரண்டு வருடம் படித்தேன் என்று பட்டியலைக் காட்டி இடையில் நுழைகிற கதவு அங்கே இல்லை. அப்படியானால் மாறுவதும் சீனாவுக்குள்ளேதான், காசு குறைந்த ஊராக, என்னை நேரில் வரச் சொல்கிற இடமாகப் பார்த்து.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் புலமைப்பரிசிலில் போன பிள்ளைகளும் இருப்பீர்கள். சீன அரசாங்கப் புலமைப்பரிசில் எடுத்தவர்கள், அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிற பல்கலைக்கழகத்தையோ துறையையோ படிப்புக் காலத்தையோ பிறகு மாற்ற முடியாது என்பதுதான் விதி. மாற வேண்டுமென்றால் புலமைப்பரிசிலை விட்டுவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். என் வகுப்பில் அப்படி இருவர் இருந்தார்கள். எங்களைப் போல மாறலாமா வேண்டாமா என்று குழம்புகிற வாய்ப்பே அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்கள் பேசாமல் இருந்து படித்து முடித்தார்கள். சொந்தக் காசில் படிப்பதில் இருக்கிற ஒரே சுதந்திரம் இதுதான், அதுவும் விலை கொடுத்து வாங்குகிற சுதந்திரம்.

காகித வேலையைப் பற்றி நீட்ட மாட்டேன். புதிய இடம் பழைய இடத்தின் விலகல் சான்றிதழைக் கேட்டது. பழைய இடம், புதிய இடத்தின் அனுமதிக் கடிதம் வந்தால்தான் விலகல் சான்றிதழ் என்றது. இரண்டுக்கும் நடுவில் நான் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். புள்ளிப் பட்டியல், நன்னடத்தைக் கடிதம், ஏன் மாறுகிறேன் என்ற கடிதம், எச்.எஸ்.கே என்கிற சீனமொழித் திறன் பரீட்சையின் சான்றிதழ், உடல் பரிசோதனைப் படிவம், பொலிஸ் அறிக்கை. இடையில் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வேலை. எல்லாம் ஓடி முடிந்து மாணவர் விசாவுக்கு வேண்டிய ஜே.டபிள்யூ. 202 படிவம் கைக்கு வந்து, இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் விசா எடுத்து, நான் ஃபூஜியான் மாகாணத்துக் கடற்கரை நகரம் ஒன்றில் இறங்கியது 2023 செப்டெம்பரில்தான். ஏற்கெனவே சீனாவுக்குள் இருந்துகொண்டு மாறுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. வதிவிட அனுமதி பழைய பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். விபரம் மாறினால் பத்து நாளைக்குள் போய் மாற்ற வேண்டும். வெளியிலிருந்து புதிதாகப் போனதால் நான் அதில் தப்பினேன்.

மூன்று துளி

இனிச் சொல்லப்போகிற காலைப் பொழுதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வகுப்புத் தீர்மானிக்கிற நேர்முகம். பெரிய மண்டபம் ஒன்றுமில்லை, மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை, சுடுநீர்ப் போத்தல், இரண்டு கதிரை. அம்மாவின் வயதில் ஓர் ஆசிரியை. என் கோப்பு மேசையில் இருந்தது. புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார், எச்.எஸ்.கே நாலாம் நிலைச் சான்றிதழைப் பார்த்தார், "நல்லது" என்றார். பிறகு எல்லாவற்றையும் அப்படியே மூடி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார். உன்னுடைய ஊரைப் பற்றி ஐந்தாறு வரி எழுது என்றார்.

எனக்குப் பயம் வரவில்லை. என் ஊரைப் பற்றி எழுதத் தெரியாதா? என் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிறது, அங்கே ஓர் இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. வாக்கியம் மனதில் முழுதாக நின்றது. ஊர் வந்தது, கிழக்கு வந்தது. துறைமுகத்துக்கு வந்தபோது இடது பக்கம் தண்ணீரைக் குறிக்கிற மூன்று துளிகளைப் போட்டேன். அதோடு கை நின்றுவிட்டது. மொத்தம் பன்னிரண்டு கோடுகள் உள்ள எழுத்து அது. மூன்று என் கையில் இருந்தது, மிச்சம் ஒன்பதும் கைப்பேசிக்குள் இருந்தது. இரண்டு வருடமாக நூற்றுக்கணக்கான தடவை நான் 'எழுதிய' சொல். துறைமுகம் பார்த்து வளர்ந்த பிள்ளை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். அங்கேயும் ஒரு வெறுமை. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, பல்லு விழுந்த வாய் மாதிரி என்று எழுத வருகிறது, ஆனால் ஏற்கெனவே முகக் கதை ஒன்று சொல்லிவிட்டதால் நிறுத்திக்கொள்கிறேன்.

பிறகு வாயால் சொல் என்றார். சொன்னேன். ப, த, க வரும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கினார். அவர் என்னைத் திருத்தவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் பாடுபட்டார். அதுதான் கூட வலித்தது.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று பிடிபட்டது. நான் கொண்டுபோன எல்லாக் காகிதமும் உண்மையானவை. புள்ளிகளை நான் களவெடுக்கவில்லை. எச்.எஸ்.கே நாலாம் நிலைக்கு அப்போது வேண்டியிருந்த 1200 சொற்களும் எனக்குத் தெரியும், காட்டினால் சொல்வேன். ஆனால் நான் எடுத்த எச்.எஸ்.கே கேட்டலையும் வாசிப்பையும் எழுத்தையும்தான் சோதித்தது. பேச்சுக்கு எச்.எஸ்.கே.கே என்று தனிப் பரீட்சை, அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எழுத்துப் பகுதியையும் நான் கணினியில் தட்டச்சில்தான் செய்தேன். ஆக, என் கோப்பில் இருந்த அத்தனை காகிதத்திலும் ஒன்றுகூட என் குரலைக் கேட்டதில்லை, என் கையெழுத்தைக் கண்டதில்லை. இந்த அம்மாதான் முதல் ஆள்.

அவர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. "இந்தப் பட்டியல்படி நீ மூன்றாம் ஆண்டு. நான் மறுக்க மாட்டேன். ஆனால் மூன்றாம் ஆண்டில் பழஞ்சீனம் தொடங்கும், கட்டுரை வகுப்பு தொடங்கும். அங்கே உனக்குப் பேனை பிடிக்கக் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. நாளைக்குச் சொல்." அவ்வளவுதான்.

மாடிப்படியில் நின்று வீட்டுக்கு எடுத்தேன். அப்பாதான் எடுத்தார். விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"என்ன பிள்ளை, ரெண்டு வருசம் படிச்சது காணாதாமோ?"

"காணும் எண்டு காகிதம் சொல்லுது அப்பா. எனக்குத்தான் காணாது."

"சனம் கேட்டா நான் என்ன சொல்றது?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அம்மா போனை வாங்கினார். அவருக்குச் சனத்தைப் பற்றிக் கவலை இல்லை. "ஒரு வருசத்துக்கு எவ்வளவு கூட வரும்?" சொன்னேன். மனக்கணக்குப் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அதாவது ஒரு சத்தமும் கேட்கவில்லை. "ரெண்டாம் வருசத்தில இருந்தா, பிறகு லேசா இருக்குமா?" தெரியாதம்மா என்றேன், ஆனால் இப்போது மூன்றுக்குப் போனால் கஷ்டப்படுவேன் என்று மட்டும் தெரியும். "அப்ப இரு" என்றார்.

கீழே இறங்கிய பிறகு

சீனமொழிப் பட்டத்தின் நான்கு ஆண்டுகளும் ஒரே ரகமானவை என்றுதான் வெளியில் இருந்து பார்த்தால் தெரியும். உண்மையில் அது இரண்டும் இரண்டும். முதல் இரண்டு ஆண்டும் பயிற்சி: வாய், காது, கண், கை. பின் இரண்டு ஆண்டும் விசயம்: பழஞ்சீனம், இலக்கியம், இலக்கணக் கோட்பாடு, கடைசியில் ஆய்வுக் கட்டுரை. நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. மாறுகிறவர்கள் அந்த மூட்டில் மாறுவதுதான் வசதி, பல்கலைக்கழகங்களும் அங்கேதான் இடை மாணவர்களைச் சேர்க்க விரும்புகின்றன. ஆனால் மூட்டைத் தாண்டும்போது பின்னால் இருக்கிற இரண்டு ஆண்டும் உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். என்னுடைய இரண்டு ஆண்டில் கண்ணுக்கு மட்டும்தான் படிப்பு நடந்திருந்தது.

மாறினால் பாடங்கள் பொருந்தாது என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பாடநூலின் ஒழுங்கில்தான் இலக்கணத்தை அடுக்குகிறது. சில பாடங்கள் எனக்கு இரண்டாம் முறை வந்தன, சில பாடங்கள் ஒரு முறையும் வராமலே போயிருக்கும். உதாரணத்துக்கு 'பா' வாக்கியம். செயப்படுபொருளை வினைக்கு முன்னால் தூக்கி வைக்கிற அமைப்பு. புத்தகத்தை மேசையில் வைத்தேன் என்று நாம் சொல்கிற அதே ஒழுங்கு. தமிழ்ப் பிள்ளைக்கு லட்டு. ஆனால் பழைய இடம் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருந்தது, புதிய இடமோ அதை இரண்டாம் ஆண்டிலேயே முடித்துவிடும். நேரே மூன்றாம் ஆண்டுக்குப் போயிருந்தால் அது எனக்கு எப்போதும் ஓட்டையாகவே இருந்திருக்கும். மறுபக்கத்தில், வெளிநாட்டு மாணவர் எல்லாரும் கட்டாயம் எடுக்க வேண்டிய சீன நாட்டறிமுகப் பாடத்தை நான் முன்பே செய்திருந்தேன். அந்தப் புள்ளியையும் இன்னும் சிலதையும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டுக்கு இறங்கியவள் தானே, எதற்குப் பழைய புள்ளி என்று அலுவலகத்தில் கேட்டார்கள். விடவில்லை, கேட்டு வாங்கினேன். கீழ்வகுப்பில் இருக்கச் சம்மதிப்பது ஒன்று, ஏற்கெனவே செய்ததை விட்டுக்கொடுப்பது வேறொன்று. இதில் வெட்கப்படத் தேவையில்லை. அந்த நேரங்கள் எனக்கு எழுத்துப் பயிற்சிக்குக் கிடைத்தன.

வகுப்பில் லாவோஸ், வியட்நாம், இந்தோனேசியா, கசகஸ்தான் பிள்ளைகள். எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். உச்சரிப்பு ஆசிரியர் உண்மையிலேயே கடதாசித் துண்டைத்தான் பிடித்தார். என்னுடையது ஆடவே ஆடாது, வகுப்பே சிரிக்கும். ஆடத் தொடங்கிய நாளில் கை தட்டினார்கள். இவ்வளவு பாடுபட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு மீன் சந்தைக்குப் போனால், அங்கே ஒருவரும் நாக்கை மடிப்பதில்லை. தெற்கே அந்த ஒலிகளை எல்லாம் தட்டையாகத்தான் சொல்வார்கள். மீன்காரப் பெண் என்னுடைய சீனத்தைக் கேட்டு, நீ பெய்ஜிங்கில் படித்தாயா என்று கேட்டாள். அதை வீட்டுக்குச் சொன்னதும் அப்பா இரண்டு நாள் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

எல்லாருக்கும் இதுதான் சரி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. என்னோடு முதல் இடத்தில் படித்த அம்பாந்தோட்டைப் பக்கப் பையன் ஒருவன் வேறொரு நகரத்துக்கு மாறினான். புள்ளிகள் என்னைவிடக் குறைவு. நேரே மூன்றாம் ஆண்டுக்குப் போனான், ஒரு பிரச்சினையும் இல்லை. பட்டத்துக்குச் சேர முன்னமே அவன் சீனப் பொறியியலாளர்களோடு வேலைத்தளத்தில் நின்று கதைத்துப் பழகியவன். அவனுடைய வாயும் காதும் காகிதத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. அவன் பட்டம் முடித்து, இப்போது சம்பளம் எடுக்கிறான். நான் இன்னும் அம்மாவின் காசில் இருக்கிறேன். ஒரு வருடத்துக்கு உண்மையான விலை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. புதிய இடம் அடுத்த ஆண்டில் கட்டணத்தில் கொஞ்சம் குறைத்தது, அதனால் வீடு மூச்சு விட்டது. குறைக்காமல் விட்டிருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

இப்போது கடைசி ஆண்டு. ஆய்வுக்குக் காலி நகரத்துக் கல்வெட்டை எடுத்திருக்கிறேன். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் கப்பல்கள் 1409ஆம் ஆண்டுத் திகதி போட்டுக் கொண்டுவந்த மும்மொழிக் கல்; சீனம், தமிழ், பாரசீகம். 1911இல் காலியில் கண்டெடுத்து, இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. ஒரே கல்லில் மூன்று வேறு வணக்கம். நீ தமிழ்ப் பிள்ளை தானே, இரண்டு பக்கத்தையும் நீயே வாசிப்பாய் என்று மேற்பார்வையாளர்தான் தலையில் கட்டினார். பழஞ்சீனத்தை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துக் கையால் படியெடுக்கும்போது, கோடுகளின் ஒழுங்கு தெரிவதால் சிதைந்த எழுத்தைக்கூட ஊகிக்க முடிகிறது. இதையும் அந்த இரண்டாம் ஆண்டின் வரவில் எழுதிவிடலாம். எழுத மனமில்லை. நேரே மூன்றுக்குப் போயிருந்தாலும் எப்படியோ இந்தக் கல்லுக்கு வந்திருப்பேனோ என்னவோ, யாருக்குத் தெரியும்.

தம்பலகாமத்தில் இருந்து ஓர் அழைப்பு

விடுமுறைக்கு வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டுத் தம்பலகாமத்தில் இருந்து ஓர் அம்மா அழைத்தார். மகன் சீனாவில் சீனமொழிதான், முதலாம் ஆண்டு முடியப் போகிறது, வேறு பல்கலைக்கழகம் மாற வேண்டுமென்று நிற்கிறானாம். "நீங்க மாறினீங்க தானே மகள், மாறலாமா, மாறக் கூடாதா?" அவருக்கு ஓம் அல்லது இல்லை வேண்டும். நான் விலகல் சான்றிதழ், வதிவிட அனுமதி, புள்ளி மாற்றம் என்று ஒரு பாட்டம் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி மகள், மாறலாமா?" என்றார்.

சொந்தக் காசா, புலமைப்பரிசிலா என்று கேட்டேன். சொந்தக் காசு, வயல் காசு. நேரில் இருந்து படிக்கிறாரா? ஓம். அப்படியானால் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள் என்றேன். ஏன் மாற வேண்டும் என்பதை ஒரு பக்கம் சீனத்தில் எழுதட்டும். கையால். கைப்பேசியைத் தூர வைத்துவிட்டு. எழுதி எனக்குப் படம் அனுப்பட்டும். இது என்ன வைத்தியம் என்று அவர் யோசித்திருப்பார், ஆனாலும் சரி என்றார்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. முழுப் பக்கம். வெட்டித் திருத்தியவை உண்டு, வெற்றிடம் இல்லை. முதலாம் ஆண்டு முடிகிற பிள்ளைக்கு வெகு வடிவான கை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. எழுதியிருந்த காரணங்கள்: அறைத்தோழன் விடிய விடிய கேம் விளையாடுகிறான். குளிர் தாங்க முடியவில்லை. சாப்பாட்டில் காரம் இருக்கிறது, உறைப்பு இல்லை, இரண்டும் வேறு என்று ஒரு நீண்ட வாக்கியம். வகுப்பில் தமிழ் கதைக்க ஒருவரும் இல்லை. ஆசிரியர்களைப் பற்றியோ பாடத்தைப் பற்றியோ ஒரு குறையும் இல்லை. உச்சரிப்பு ஆசிரியரை மட்டும் இரண்டு வரி புகழ்ந்திருந்தான்.

அவனுக்கு நானும் கையால் எழுதித்தான் படம் அனுப்பினேன். விடுதிப் பொறுப்பாளரிடம் போய் அறையை மாற்றித் தரச் சொல்லிக் கேள், பல்கலைக்கழகத்தை இப்போதைக்குத் தொடாதே, மிளகாய்த்தூள் வீட்டிலிருந்து எடுப்பி என்று. பிழை இருந்தால் திருத்தச் சொல்லியும் கேட்டிருந்தேன். ஒரு பிழையைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான். மாறுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவனுடைய அம்மாதான் அடுத்த கிழமை குரல்பதிவு போட்டார்: அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அங்கேயே கட்டச் சொல்லிவிட்டானாம், மூன்று கிலோ தூள் இடித்து வைத்திருக்கிறாராம், நான் திரும்பிப் போகும்போது என்னுடைய பையில் இடம் இருக்குமா என்று கேட்டார்.